மைக்கா ஒட்டுவதற்கு முன்பே ஜாயிண்ட்டைப் பார்த்துவிடுங்கள்

வார்ட்ரோப் அடிக்க ஆள் தேடுபவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.

கோவையில் இன்டீரியர் வேலை எடுத்துச் செய்யும் ஒருவரிடம், படுக்கையறைக்கு ஏழடி உயர அலமாரி ஒன்றை ஒப்படைத்தோம். 18 எம்.எம். ப்ளைவுட் நல்ல சரக்குதான், அதில் குறை சொல்ல மாட்டேன். கோளாறெல்லாம் சேர்த்த விதத்தில்.

மாட்டிய நாளிலேயே கதவுகள் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கவில்லை. "கீல அட்ஜஸ்ட் பண்ணா சரியாயிடும் சார்" என்றார். மேலே சந்து குறைந்தால் கீழே விரிந்தது. அடுத்து, மழைக்கு மரம் ஊதிவிட்டது என்றார். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டிய ப்ளைவுட் அந்த அளவுக்கு ஊதாது.

அப்புறம் வேறொரு ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கதவைத் தொடவே இல்லை. டேப்பை எடுத்து மூலைக்கு மூலை குறுக்காக அளந்தார். இரண்டு அளவுக்கும் ஒன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம். பெட்டியே சதுரத்தில் இல்லை, அதாவது மூலைகள் செங்கோணமாக இல்லை!

ஓரப்பட்டையை உரித்தால் உள்ளே கருப்பு ஜிப்சம் ஸ்க்ரூ. சீலிங் போர்டு மாட்டுவதற்கானது அது. கெட்டிப்படுத்திய இரும்பு என்பதால் வளையாமல் பட்டென்று ஒடியும். ஒன்றுக்குத் தலையே இல்லை. முன்துளை போடாமல் நேராக இறக்கியதில் ப்ளைவுட்டின் ஓர அடுக்குகள் பிளந்திருந்தன. பலகை நழுவி நின்ற இடங்களைப் புட்டி பூசி, மேலே மைக்கா ஒட்டி மறைத்திருக்கிறார்கள்.

ஏன் நழுவுகிறது என்று ஆசாரியே விளக்கினார். ஈரப் பசை மேல் பலகை வழுக்கும். கிளாம்ப் போட்டு இறுக்காமல் கையால் பிடித்துக்கொண்டு ட்ரில்லை அழுத்தினால், ஸ்க்ரூ சுற்றும் வேகத்தில் பலகை பக்கவாட்டில் நகர்ந்துவிடும். மேல்பலகையிலும் ஸ்க்ரூவின் மரை கடித்தால், நுனி அடுத்த பலகையில் ஏறும்போதே இரண்டும் விலகி, அந்த இடைவெளியோடு பூட்டிக்கொள்ளும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் சேராது. 8 நம்பர் ஸ்க்ரூ என்றால் மேல்பலகையில் தாராளமாக 4.5 எம்.எம். துளை, அடுத்ததில் 3 எம்.எம். துளை. மூலைமட்டம் வைத்து, கிளாம்பை இறுக்கி, ஒரு ஸ்க்ரூ போட்டதும் மறுபடி மட்டம் பார்த்து அடுத்ததைப் போட வேண்டும். இதற்கு ஆகும் நேரத்தைத்தான் நம்மவர் மிச்சம் பிடித்திருக்கிறார்.

ஆகவே வேலைக்கு வருபவரிடம் கிளாம்ப் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெட்டி நின்றதும், பின்பலகை அடிக்கும் முன் குறுக்களவை நீங்களே எடுங்கள். மைக்கா ஒட்டிய பிறகு எதுவும் தெரியாது. பெரிய தவணையை அதுவரை கொடுக்காதீர்கள்.

பிரித்து மாட்டித் தரக் கேட்டதற்கு, முதலில் வேலை எடுத்தவர் தனிக் கூலி கேட்கிறார். கடைசித் தவணையை நிறுத்திவிட்டேன். பழைய துளைகளில் ஸ்க்ரூ பிடிக்காது என்று ஆசாரி மரக்குச்சியில் பசை தடவி அடைத்து, தள்ளிப் புதுத் துளை போட்டுச் சேர்த்திருக்கிறார். கதவு இப்போது நேராக நிற்கிறது. புது மைக்காவின் செலவு மட்டும் என் தலையில்.