கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குயில்ட் தைக்கச் சாமான் வாங்குவது: எந்தக் கடைக்கு எதற்குப் போகலாம்

கிளிநொச்சியில் எந்தத் துணிக்கடையில் ஏறி "குயில்ட் தைக்கிற சாமான் இருக்கா" என்று கேட்டாலும் இல்லை என்ற பதில்தான் வரும். வவுனியாவிலும் அப்படித்தான். ஆனால் சாமான் இல்லை என்பது உண்மையில்லை. குயில்ட் என்றால் மூன்று அடுக்கு: மேலே துண்டுகளை இணைத்துத் தைத்த துணி, நடுவில் பஞ்சுத் தகடு, கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்து ஓட்டத்தையல் போட்டு, சுற்றிவரக் கரைப்பட்டி பிடித்தால் வேலை முடிந்தது. இதில் ஒவ்வொன்றும் வன்னியில் ஒவ்வொரு தொழில்காரரிடம் கிடக்கிறது. சாரம் விற்பவர், செற்றிக்குக் குஷன் அடிப்பவர், பெயர்ப்பலகை செய்பவர், தேன் விற்பவர் என்று அவரவரிடம் போய், அவரவர் பாஷையில் கேட்க வேண்டும்.

நான் உருத்திரபுரத்தில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்துகிறேன். குழந்தைகளுக்கான சிறிய குயில்ட்டுகளைத்தான் கூடுதலாகத் தைக்கிறோம். இங்கே மார்கழி, தைப் பனிக்கு மெல்லிய ஒன்று போதும். மற்ற மாதங்களில் பாய்க்கு மேல் விரிக்கலாம். எங்கே வாங்குகிறீர்கள் என்று பலர் கேட்கிறார்கள். அதனால் நான் போகும் கடைகளைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் கிளிநொச்சிப் பொதுச்சந்தைத் தையல்சாமான் கடைகள். மீள்குடியேற்றத்துக்குப் பிறகு வாழ்வாதார உதவியாக எத்தனையோ வீடுகளுக்குத் தையல் மெஷின் கொடுத்தார்கள். குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் பலர் அதை வைத்துத்தான் எழும்பினார்கள். மெஷின் வந்த ஊருக்கு நூலும் ஊசியும் பொத்தானும் வராமல் போகுமா? 2016 செப்டெம்பரில் சந்தையில் தீப்பிடித்துப் பல கடைகள் எரிந்தன. அதற்குப் பிறகும் வியாபாரிகள் விட்டுவிட்டுப் போகவில்லை என்பதற்காகவே எனக்கு இந்தச் சந்தையில் ஒரு மரியாதை உண்டு.

ஒரு துணிக்கடை நல்லதா இல்லையா என்று நான் பார்ப்பது ஒரே ஒரு விஷயத்தில்தான்: துணியைக் கத்தரிக்கோலால் வெட்டித் தருகிறார்களா, கிழித்துத் தருகிறார்களா? சாதாரண நெசவுக் கொட்டன் துணியில் கரையில் சின்னதாக ஒரு வெட்டுக் கொடுத்து இழுத்தால், குறுக்கு நூலோடு நேராகக் கிழியும். கத்தரிக்கோலால் கண்மட்டத்துக்கு வெட்டினால் ஒரு பக்கம் இரண்டு மூன்று அங்குலம் சரிந்து போகும். சட்டை தைப்பவருக்கு அது பெரிய நட்டமில்லை. நமக்கு, 2½ அங்குலப் பட்டிகளாக எடுக்கிற வேலையில், ஒரு முழுப் பட்டியே போய்விடும். சந்தைக்குள் நான் வழக்கமாகப் போகும் கடை அண்ணை கேட்காமலே கிழித்துத் தருவார். கிழிக்கும்போது வரும் சத்தத்தை வைத்தே இது கொட்டனா கலப்பா என்று சொல்லிவிடுவார். நான் அதோடு நிற்பதில்லை.

துணியின் கரையிலிருந்து நெட்டு நூல் ஒன்று, குறுக்கு நூல் ஒன்று உருவி எடுங்கள். இரண்டையும் தனித்தனியே நெருப்புக்குச்சியில் பிடியுங்கள். கொட்டன் என்றால் கடதாசி எரிகிற மணம் வரும், சாம்பல் விரலில் நசிந்து தூளாகும். பொலியெஸ்டர் என்றால் சுருண்டு உருகி, ஆறியதும் கறுத்த மணியாக இறுகிவிடும். இரண்டு நூலையும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: சில துணிகளில் நெட்டு ஒன்றாகவும் குறுக்கு வேறொன்றாகவும் இருக்கும். வவுனியாவில் ஒரு கடையில் 'நூறு வீதம் கொட்டன்' என்று தந்த பூப்போட்ட துணியில் குறுக்கு நூல் அப்படியே உருகியது. அதே வீதியில் இன்னொரு கடைக்கார அம்மா, நான் கேட்க முன்னமே நெருப்புப்பெட்டியை எடுத்து நீட்டி, "பிடிச்சுப் பாருங்கோ ரீச்சர், பிறகு வாங்குங்கோ" என்றார். அன்றிலிருந்து வவுனியா போனால் முதலில் அவரிடம்தான் போவேன்.

கலப்புத் துணியை நான் ஏன் இவ்வளவு தவிர்க்கிறேன் என்றால், அது மடிப்பை வைத்திருக்காது. தையலை அயன் போட்டு ஒரு பக்கம் சாய்த்தால் கொட்டன் சாய்ந்தபடி கிடக்கும். கலப்பு மெல்ல எழும்பி வரும். நாலு துண்டு சந்திக்கிற மூலையில் அது எழும்பினால் முனைகள் ஒன்றோடொன்று சேராது.

துணியில் என் முதல் தெரிவு சாரம். தைக்காத, இரண்டு மீற்றர் கொட்டன் சாரம். கட்டங்கள் நெசவிலேயே விழுந்தவை, அச்சடித்தவை அல்ல. அதனால் உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற பேதமில்லை. கட்டக் கோடே நூலோட்டத்தைக் காட்டும். வகுப்புக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு அடிமட்டம் கொடுக்காமல் கோட்டைப் பிடித்து வெட்டச் சொல்கிறேன், நேராக வருகிறது. 36க்கு 45 அங்குலக் குழந்தைக் குயில்ட்டுக்கு அடித்துணியாக ஒரு சாரம் தாராளம், மிச்சத்தில் கரைப்பட்டியும் எடுக்கலாம். சந்தைக்குள் சாரம் தொங்கவிட்டிருக்கும் சின்னக் கடைகளில்தான் நிறத்தெரிவு கூட. பெரிய புடைவைக் கடைகளில் பெட்டியில் போட்ட விலைகூடிய சாரம்தான் காட்டுவார்கள், நமக்கு அந்தப் பளபளப்புத் தேவையில்லை. ஒரு எச்சரிக்கை: கடுஞ்சிவப்பும் கரும்பச்சையும் சாயம் விடும். உப்புப் போட்டால் நிற்கும், வினாகிரி விட்டால் நிற்கும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். வெள்ளைத் துண்டு ஒன்றோடு சேர்த்து ஊறவைத்து, வெள்ளை வெள்ளையாகவே வரும்வரை அலசுங்கள். அப்படியும் விடுகிற துணியைக் குயில்ட்டுக்கு எடுக்காதீர்கள்.

பூ வேலைப்பாட்டுக்கு வவுனியா பஜார் வீதி. இந்தியாவிலிருந்து வரும் சுடிதார்க் கொட்டன் அங்கே கிளிநொச்சியை விடக் கூடுதலாக இருக்கிறது. கால் மீற்றர், அரை மீற்றர் என்று தரத் தயங்குவார்கள், அவர்கள் பக்கத்தில் அது நியாயம்தான். பீஸ் முடிவில் மிஞ்சுகிற துண்டுகளைத் தனியே எடுத்து வைப்பார்களா என்று கேளுங்கள். நெருப்புப்பெட்டி அம்மா எனக்காக ஒரு பையில் போட்டு வைக்கிறார்.

கிலோக்கணக்கில் விற்கும் ஆடைத் தொழிற்சாலைத் துண்டுகளைப் பலர் சிபாரிசு செய்கிறார்கள். நான் செய்ய மாட்டேன். எனக்குக் கிடைத்த மூட்டைகளில் பெரும்பகுதி இழுபடுகிற பனியன் துணி. அது கால்மிதி பின்ன நல்லது. துண்டு இணைக்க உதவாது.

இனிப் பஞ்சு. எல்லோரும் சிக்குகிற இடம் இதுதான், எனக்கு மிகவும் பிடித்த கடையும் இதற்குள்தான் வருகிறது. தலையணைக்குப் போடும் இலவம் பஞ்சை நினைக்காதீர்கள். அதன் நார் குட்டை, வழுவழுப்பு, ஒன்றையொன்று பிடிக்காது. ஒரு தோய்ப்போடு மூலையில் போய்த் திரண்டுவிடும். நமக்கு வேண்டியது தகடாக, ரோலாக வரும் பொலியெஸ்டர் பஞ்சு. அது துணிக்கடையில் இல்லை. கரடிப்போக்குச் சந்திப் பக்கம் செற்றிக்குக் குஷன் அடிக்கிற கடையில் இருக்கிறது. ஸ்பொஞ்சுக்கும் மேல்துணிக்கும் இடையில் விரிப்பதற்காக அவர்கள் வைத்திருப்பது. மெல்லிய ரோலைக் காட்டச் சொன்னபோது கடைத் தம்பி தயங்கினார்.

"ரீச்சர், இது செற்றிக்குக் காணாது. மெல்லிசு."

"எனக்கு மெல்லிசுதான் வேணும் தம்பி. போர்வைக்கு."

அடுத்த முறை போனபோது அவர் அதே மெல்லிய ரோலில் இன்னொன்றை எடுத்து வைத்திருந்தார். இந்தக் கடையில் வாங்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். ரோலின் வெளிச்சுற்றில் ஏ9 வீதித் தூசி படிந்திருக்கும், உள்ளிருந்து வெட்டித் தரச் சொல்லுங்கள், மறுக்க மாட்டார்கள். வெட்டிய துண்டை இரண்டு கையாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். பிரிந்து பஞ்சாகப் பறந்தால் வேண்டாம், இழுவையைத் தாங்கினால் எடுக்கலாம். அகலம் காணாவிட்டால் இரண்டு துண்டை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றாமல், ஓரத்தோடு ஓரம் முட்டவைத்து கையால் தளர்வாகத் தையுங்கள், மேடு தெரியாது. இந்தப் பஞ்சுக்கு ஓட்டத்தையல் வரிகள் 3, 4 அங்குலத்துக்கு ஒன்றாவது வர வேண்டும். அயன் பெட்டியை உச்சச் சூட்டில் மேலே வைத்து அழுத்தினால் பஞ்சு சப்பையாகிவிடும். துணியை அயன் பண்ணி முடித்த பிறகுதான் பஞ்சை நடுவில் வைக்க வேண்டும்.

கொட்டன் பஞ்சுத் தகடு கேட்டு இங்கே அலைய வேண்டாம். அதற்குப் பதிலாக நல்லது, தோய்த்துத் தோய்த்து மெத்தென்று வந்த பழைய நூல்சேலை. இரண்டு மூன்று மடிப்பாக நடுவில் வைத்துத் தைத்தால் பாரமும் அளவாக இருக்கும், வன்னி வெயிலுக்கும் தோதாக இருக்கும். என் வகுப்பில் அம்மம்மாவின் சேலையை நடுவில் வைத்துப் பேத்திக்குத் தைத்தவர் இருக்கிறார்.

ஊசி, நூல் விஷயத்தில் சந்தையே போதும். மெஷின் ஊசி வாங்கும்போது கொண்டையைப் பாருங்கள்: வீட்டு மெஷின் ஊசிக்கு ஒரு பக்கம் தட்டையாக இருக்கும், கார்மென்ற் மெஷின் ஊசிக்கு முழு வட்டமாக இருக்கும். இரண்டும் ஒரே பெட்டிக்குள் கலந்து கிடப்பதைக் கண்டிருக்கிறேன். துண்டு இணைக்க 11ஆம் இலக்கம், மூன்று அடுக்குக்கு 14. நூல் எல்லாம் பொலியெஸ்டர்தான், தைரியமாகப் பாவிக்கலாம்.

கைத்தையலுக்கு மட்டும் நூல் முறுகிச் சிக்கும். அதற்குக் கடைப்பொருள் எதுவும் வேண்டாம். காட்டுத்தேன் கொண்டுவந்து விற்பவரிடம் தேன்மெழுகு கேளுங்கள். பெருவிரலால் நூலை மெழுகுக்கட்டியில் அழுத்தி ஒரு தரம் இழுத்து, பிறகு இரண்டு கடதாசிக்கு நடுவில் வைத்து மேலே சூடான அயனை ஓட்டுங்கள். மிஞ்சிய மெழுகைக் கடதாசி குடித்துவிடும். நூல் விறைப்பாக, சிக்கில்லாமல், துணியில் கறை பிடிக்காமல் ஓடும்.

தைக்கும்போது மூன்று அடுக்கும் நகராமல் பிடிக்கச் சேப்டிப் பின் எங்கும் உண்டு. மாரி காலத்தில் துணியில் குத்தியபடி நாட்கணக்கில் விட்டால் துருக்கறை பிடிக்கும் என்பதால் நாங்கள் பிறகு உருவி எடுக்கக்கூடிய பெரிய தையல் போட்டே மூன்று அடுக்கையும் பிடிக்கிறோம்.

கண்ணாடி மாதிரித் தெரியும் அகல அடிமட்டம் இங்கே விற்பனைக்கு இல்லை. வவுனியாவில் பெயர்ப்பலகை செய்யும் கடையொன்றில் 3 மில்லிமீற்றர் அக்ரிலிக்கில், 6க்கு 24 அங்குலம் வெட்டி, கால் அங்குலக் கோடுகளும் கீறித் தரச் செய்தேன். கோடுகள் மிகத் துல்லியம், ஓரமும் தீட்டித் தந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதை விட மலிவு. இதுவரை நான் செய்வித்த வேலைகளில் மனம் நிறைந்த வேலை இதுதான். அளவைத் தாளில் அங்குலத்தில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்ல வேண்டாம்.

பச்சை வெட்டுப்பலகை புத்தகக் கடைகளில் ஏ3 அளவில் கிடைக்கும். வெயில் படும் இடத்திலோ ஓட்டோவின் பின்சீற்றிலோ விட்டால் வளைந்துவிடும், பிறகு நிமிராது. துணியில் உருட்டி வெட்டும் சுழல்கத்திதான் உண்மையான தட்டுப்பாடு. 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் அறிமுகப்படுத்திய அந்த வட்டக்கத்தி குயில்ட் வேலையையே மாற்றியது. கிளிநொச்சியில் ஒரு கடையிலும் நான் அதைக் காணவில்லை. கொழும்பு புறக்கோட்டையில் கெய்சர் வீதியும் அதை ஒட்டிய குறுக்குத்தெருக்களும் தேடத்தக்க இடம். அங்கே ஆள் இருந்தால் வாங்கிப் பஸ்ஸில் பார்சலாகப் போட்டு விடச் சொல்லலாம். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ யாராவது வந்தால் துணி கேட்காதீர்கள், 45 மில்லிமீற்றர் மாற்றுக்கத்திகள் கேளுங்கள். பாரமே இல்லை, கைப்பையில் வேண்டாம், பெரிய சூட்கேசில் வைக்கச் சொல்லுங்கள். கத்தி வரும்வரை பட்டிகளைக் கிழித்தே எடுக்கலாம். ஓரத்தில் பிசிறும் நூலுக்காகப் பக்கத்துக்கு எட்டில் ஒரு அங்குலம் கூட விட்டால் சரி.

மூன்று அடுக்கையும் ஒன்றாக இழுத்துச் செல்லும் மெஷின் பாதம் வன்னியில் இல்லை. அதற்காகவே கையால் ஓட்டத்தையல் போடுகிறோம், அதுவே அழகாகவும் இருக்கிறது.

விலையை எழுதாமல் விடுகிறேன். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360க்குப் போனபோது இறக்குமதிச் சாமான் எல்லாம் எகிறியது, அதன் பிறகும் ஒரு நிலையில் நிற்கவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்திய கிழமைகளில் துணிக்கடைப் பக்கம் போகாதீர்கள். நின்று நூல் எரித்துப் பார்க்க இடமும் இருக்காது, கடைக்காரருக்கு நேரமும் இருக்காது. பண்டிகை முடிந்த கையோடு போனால் மிச்சத் துண்டுகள் நிறைய இருக்கும், ஆறுதலாகத் தெரிந்தெடுக்கலாம். குஷன் கடைக்கு மட்டும் எந்தக் காலத்திலும் போகலாம். மெல்லிய ரோல் என்று சொல்லிக் கேளுங்கள்.