டர்பன் வர்ஜீனியா ஏர்போர்ட்ல இஞ்சின் ஃபெயிலியர் கிளாஸ், என் அனுபவம்

தென்னாப்பிரிக்கால இருக்கற டர்பனுக்கு வேலைக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு, பைலட் ஆசை மட்டும் விடல, அதான் வர்ஜீனியா ஏர்போர்ட்ல ஒரு ஃப்ளையிங் ஸ்கூல்ல சேந்தேன். பேர் போடல, கீழ ஒரு குறையும் சொல்லப்போறேன். இஞ்சின் நின்னா என்ன பண்ணனும்னு எப்படி சொல்லித்தராங்கன்றத வச்சுதான் ஒரு ஸ்கூல எடை போடணும்னு நெனக்கிறேன், அதனால அந்த கிளாஸ் பத்தி மட்டும் எழுதறேன்.

வண்டி பழைய செஸ்னா 172 என், ஒத்த இஞ்சின் சின்ன விமானம். இன்ஸ்ட்ரக்டர் டர்பன்ல இந்திய வம்சாவளிக்காரங்க நெறய இருக்கற சாட்ஸ்வர்த்காரர், தமிழ் கொஞ்சம்தான் வரும், ஆனா ரொம்ப பொறுமை. 3000 அடில பேசிட்டே வந்தவரு சட்டுனு த்ராட்டில (இஞ்சின் பவர் லீவர்) இழுத்துட்டாரு, இஞ்சின் நின்ன மாதிரி பழக. என் கை நேரா ரேடியோவுக்குப் போச்சு. "தம்பி, மொதல்ல ஓட்டு, அப்புறம் பேசு"ன்னாரு. மூக்க இறக்கி 65 நாட் ஸ்பீடு புடிச்சு, அது அப்படியே நிக்கற மாதிரி ட்ரிம் பண்ணனும், காத்து இல்லன்னா 1000 அடி இறங்கறதுக்குள்ள சுமார் 1.5 நாட்டிகல் மைல்தான் போகும், அதுக்குள்ள எறங்க எடம் பாக்கணும், அப்புறம்தான் ஃபியூல் செலக்டர் (எந்த டேங்க்னு மாத்தறது), மிக்ஸ்ச்சர் (ஃபியூல்-காத்து கலவை), மேக்னெட்டோ (ஸ்பார்க் குடுக்கறது), மேடே கால் (ரேடியோல ஆபத்துன்னு சொல்றது), ட்ரான்ஸ்பாண்டர் 7700 (ராடார்ல அவசரம்னு காட்டற நம்பர்) எல்லாம்.

டர்பனுக்கு வடக்க கடலோரமா இருக்கற பலிட்டோ பக்கம் கீழ கரும்புக் காடு, மேலருந்து புல்வெளி மாதிரி தெரியுது, நான் அதத்தான் கை காட்டினேன். "எங்க தாத்தா அதுக்குள்ள நின்னா தல தெரியாதுன்னு அம்மா சொல்வாங்க, சக்கரம் மாட்டுனா வண்டி கவுந்துரும், வெட்டி முடிச்ச வயலா பாரு"ன்னாரு. அவங்க குடும்பம் 1860க்கு அப்புறம் கப்பல்ல வந்து கரும்பு வெட்டினவங்க. அதுக்கப்புறம் கரும்பயும் வெறும் வயலயும் நான் மாத்திப் பாக்கவே இல்ல.

எனக்கு ரொம்ப பிரயோஜனமா இருந்தது கார்ப் ஹீட் பாடம், அதாவது இஞ்சினுக்குக் காத்தும் ஃபியூலும் கலந்து குடுக்கற கார்புரேட்டருக்கு சூடான காத்து விடறது. டர்பன் ஈரக்காத்துக்கு 25 டிகிரி வெயில்லயும் கார்புரேட்டருக்குள்ள ஐஸ் கட்டும், மொதல்ல ஆர்பிஎம் (இஞ்சின் சுத்தற வேகம்) மெதுவா இறங்கும். கார்ப் ஹீட் இழுத்ததும் ஐஸ் உருகி தண்ணி உள்ள போறதால இஞ்சின் இன்னும் மோசமா இருமும், பயந்து திருப்பித் தள்ளிடாத, அப்படியே விட்டு வைன்னு மூணு தடவ சொன்னாரு. க்ளைடுல (பவர் இல்லாம சறுக்கி) இறங்கும்போதும் அப்பப்போ த்ராட்டில கொஞ்சம் திறந்து இஞ்சின சூடா வச்சுக்கிட்டாரு, 500 அடில கோ அரவுண்ட், அதாவது எறங்காம திரும்ப மேல ஏறிட்டோம்.

குறை என்னன்னா, டேக் ஆஃப் ஆன ஒடனே இஞ்சின் நின்னா என்னன்றத போர்டுல வரஞ்சு காட்டிட்டு முடிச்சுட்டாங்க. அப்போ மூக்கு தூக்கி இருக்கும், ஸ்பீடு கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள போயிரும், ஒடனே மூக்க இறக்கி முன்னாடி இருக்கற எடத்துலதான் எறங்கணும், ரன்வேக்குத் திரும்பப் பாத்து ஸ்டால் ஆகி (றெக்க தூக்கற சக்தி போய்) செத்தவங்க எவ்வளவோ பேர். இத வெறும் படமா பாத்தா கை பழகுமா? நான் ரெண்டு தடவ ஆபிஸ்ல கேட்டப்புறம்தான் மேல கூட்டிட்டுப் போய் பழக்கினாங்க. நடுவுல ஒரு புக்கிங்க அவங்க சொல்லாம கேன்சல் பண்ணிட்டாங்க, நான் வீட்டுலருந்து வீணா வந்து போனேன், அதுக்கு ஒரு சாரி கூட இல்ல.

ஆனாலும் இந்த இன்ஸ்ட்ரக்டருக்காக சேரலாம். சேரும்போதே அந்த டேக் ஆஃப் பயிற்சி உண்டான்னு கேட்டுக்கோங்க, காலைல 7 மணி ஸ்லாட் வாங்குங்க, வெயில் ஏறி கடல் காத்து கெளம்பிட்டா புதுசா பழகறவங்களுக்கு 65 நாட்ட புடிச்சு நிறுத்தறது கஷ்டம்.