எபாக்சி ரெசின்: கோட்டிங்கா, டீப் போரா?

ரிவர் டேபிள், அதாவது இரு மரப்பலகைகளுக்கு நடுவிலுள்ள பள்ளத்தில் ஆறு ஓடுவது போல ரெசின் ஊற்றி இறுக வைத்த மேசை, செய்ய முதல் தடவை ரெசின் வாங்குபவர்கள் விலையையும் பளபளப்பையும்தான் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது, எவ்வளவு கனத்துக்கு ஊற்றப் போகிறோம் என்பதை. விரிசல், குமிழி, பிசுபிசுப்பு எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன.

ரெசினும் அதை இறுக வைக்கக் கலக்கும் ஹார்டனரும் சேர்ந்து இறுகும்போது சூடு பிறக்கும். மெல்லிசாகப் பூசுவதற்கான கோட்டிங் ரெசின் வேகமாக இறுகுகிற வகை. 3 மி.மீ. கனத்தில் மேசைமேல் பரப்பினால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். அதே கலவை கால் லிட்டர் பிளாஸ்டிக் மக்கில் மிச்சம் கிடந்தால் கதையே வேறு. வெளியேற வழியில்லாத சூடு வினையை விரட்டும், வினை மேலும் சூட்டைக் கிளப்பும். கொஞ்ச நேரத்தில் மக்கைத் தொட முடியாது. ரெசின் மஞ்சளாகிப் புகையும், சில சமயம் மக்கே நெளிந்துவிடும். 40 மி.மீ. அச்சில் இதை ஒரே மூச்சில் ஊற்றினாலும் இதேதான் நடக்கும். நடுப்பகுதி கொதித்து, ஆறும்போது சுருங்கி, ஏற்கெனவே இறுகிவிட்ட ஓரத்தை இழுத்து வெடிக்கும்.

கனமாக ஊற்றுவதற்கான டீப் போர் ரெசினில் ஹார்டனர் நிதானமானது. தயாரிப்பைப் பொறுத்து 25 முதல் 50 மி.மீ. வரை ஒரே தடவையில் ஊற்றலாம். நீர்த்து இருப்பதால் குமிழிகள் தாமாக மேலேறி உடையும். கோட்டிங்கில் கேஸ் டார்ச்சின் தீயைப் பிடித்து விரட்ட வேண்டும்.

சரி, எல்லாவற்றுக்கும் டீப் போரே போதுமே என்றால், போதாது. மெல்லிசாகப் பூசினால் அதற்கு வேண்டிய சூடு திரளாது. நாள் கணக்கில் மெத்தென்று கிடக்கும், தூசி ஒட்டும். மழைக்கால ஈரக்காற்றும் சேர்ந்தால் ஹார்டனரில் உள்ள அமீன், கார்பன் டை ஆக்சைடோடும் ஈரத்தோடும் வினைபுரிந்து மேலே மெழுகுப் படலம் படியும். இதுதான் அமீன் பிளஷ். வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்துக் கழுவினால் போய்விடும். கழுவாமல் எமரி போடாதீர்கள். படலம் பரப்பெங்கும் ஈஷிக்கொண்டு அடுத்த பூச்சு பிடிக்காமல் போகும்.

அளவு விஷயத்தில் இரண்டுமே கறார். ரெசினுக்கு ஹார்டனர் விகிதம் கோட்டிங்கில் பெரும்பாலும் 1:1, டீப் போரில் 2:1 அல்லது 3:1. டப்பாவில் கொள்ளளவுக்குச் சொன்ன விகிதத்தைத் தராசில் நிறுக்காதீர்கள், ஹார்டனர் ரெசினை விட எடை குறைவு. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவதும் வீண். மிஞ்சியது வினைபுரிய ஆளில்லாமல் உள்ளேயே தங்கி, பரப்பு கடைசிவரை தொளதொளவென்று இருக்கும்.

என் தேர்வு, ரிவர் டேபிளுக்கு இரண்டும். மரத்தின் துளைகளில் உள்ள காற்று குமிழி விடாமல் இருக்க முதலில் கோட்டிங்கை மெல்லிசாகப் பூசுங்கள். பள்ளத்துக்கு டீப் போர், மேற்பூச்சுக்கு மறுபடி கோட்டிங். சென்னை மே மாத மதியத்தில் டீப் போர்கூடச் சூடேறிவிடும், அதனால் சாயங்காலம் வெயில் தணிந்தபின் ஊற்றுவது நல்லது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கோட்டிங்கை வாங்கி, 5 மி.மீ. அடுக்குகளாக ஊற்றுங்கள். ஒவ்வொரு அடுக்கும் சூடு அடங்கி, விரலில் லேசாக ஒட்டும் பதத்துக்கு வந்தபின் அடுத்தது. நேரம் பிடிக்கும், ஆனால் வெடிக்காது.