சொரியாசிஸ்க்கு ஃபோமா, ஆயின்மென்ட்டா? சேலத்துக்கு ஒண்ணு, ஏற்காட்டுக்கு ஒண்ணு

முதல்லயே சொல்லிடறேன், சொரியாசிஸ்க்குத் தோல்மேல போடற ஸ்டீராய்டு மருந்தான க்ளோபெட்டாசால், ஃபோம்னாலும் ஆயின்மென்ட்னாலும் உள்ள இருக்கிறது அதே 0.05% மருந்துதாங்க. விலை ஜாஸ்தி, நுரையா வேற வருது, அப்ப பவரும் ஜாஸ்தியா இருக்கும்னு நம்பி வாங்காதீங்க. உடம்புல எந்த இடம், எந்த ஊரு, அதைப் போட்டுக்கிட்டு என்ன வேலை பார்க்கணும், அதுதான் கணக்கு.

ஆயின்மென்ட் செதிலை ஊற வைக்கும், ஈரம் போகாம மூடி வைக்கும், முட்டியில தடிச்சுக் கிடக்கற பட்டைக்கு ராத்திரி போட அதுதான் பெஸ்ட். ஆனா சேலத்து ஏப்ரல் வெயில்ல அதைப் பூசிட்டு சட்டை போட்டுப் பாருங்க, தெரியும். அம்மாப்பேட்டைல தறி ஓட்டற எங்க மாமாவுக்கு ரெண்டு முழங்கையிலயும் இருக்கு, பூசின கையோட தறியில பாவு நூலைத் தொட்டா பட்டுல எண்ணெக் கறை, அதனால டாக்டர் ரெண்டு வேளை எழுதிக் குடுத்தது ஒரு வேளையாகி அப்புறம் ஞாபகம் வந்தா மட்டும்னு ஆயிடுச்சு. ஃபோம் சீக்கிரம் காஞ்சிடும், இப்ப காலைலயும் போடறார்.

தலைக்கு லோஷன் மலிவுதான், ஆனா வழிஞ்சு நெத்திக்கு வரும், கண்ணுல பட்டா போச்சு. ஃபோம் முடியைத் தாண்டி மண்டைத் தோல்ல போய் உக்காரும். ஒரு சங்கதி, உடம்புச் சூட்டுக்கே அது கரைஞ்சிடும், உள்ளங்கையில நேரா அடிச்சா தண்ணியாயிடும். டப்பாவைத் தலைகீழா பிடிச்சு மூடியிலயோ சின்னத் தட்டுலயோ அடிச்சு, விரல் நுனியில கொஞ்சம் கொஞ்சமா எடுத்து, முடியை வகிடு பிரிச்சு வைக்கணும்.

ஏற்காட்டுல கதை வேற. 1500 மீட்டர் உயரம், மார்கழிக் குளிர்ல தோல் வெடிச்சிருக்கும், க்ளோபெட்டாசால் ஃபோம்ல பெரும்பாலும் ஸ்பிரிட் இருக்கறதால வெடிப்புல பட்டா சுரீர்னு எரியும். அங்க நான் ஆயின்மென்ட் பக்கம்தான்.

இன்னொரு ஃபோமும் இருக்கு, கால்சிபோட்ரியாலும் (வைட்டமின் டி வகை மருந்து) பீட்டாமெத்தசோனும் (இதுவும் ஸ்டீராய்டுதான்) சேர்ந்தது, 2015-ல அமெரிக்கால அனுமதி வாங்குச்சு, தினம் ஒரு வேளைதான். இதுல மட்டும் நுரைக்கே கொஞ்சம் பவர் இருக்கு: கேஸ் ஆவியாகிப் போனதும் மருந்து அடர்த்தியா தோல்மேல நிக்கும். அதே மருந்து ஜெல்லோட வெச்சுப் பார்த்த ஆய்வுல ஃபோம் போட்டவங்கள்ல 38% பேருக்கு 4 வாரத்துல நல்லா அடங்குச்சு, ஜெல்லுக்கு 8 வாரம் ஆகியும் 22% தான். இதுகூட சாலிசிலிக் ஆசிட் களிம்பு எதையும் கலக்காதீங்க, கால்சிபோட்ரியால் செத்துடும்.

க்ளோபெட்டாசால் எந்த ரூபத்துல வந்தாலும் சேர்ந்தாப்ல 2 வாரம், வாரத்துக்கு 50 கிராம், அதுக்கு மேல டாக்டர் சொல்லாம கூடாது. முகம், அக்குள், தொடை இடுக்குக்கு வேண்டவே வேண்டாம், தோல் மெலிஞ்சு வரி வரியா ஆயிடும். மெடிக்கல்ல சீட்டு இல்லாம குடுத்தாலும் வாங்காதீங்க.

ஃபோம் வாங்கறவங்களுக்கு மட்டும், டப்பாவுல எரியற கேஸ் இருக்கு. அடுப்புகிட்ட, பீடி சிகரெட் பத்த வைக்கற இடத்துல அடிக்காதீங்க, வெயில்ல நிக்கற வண்டி டிக்கியில விட்டுட்டும் போகாதீங்க.