கேரவன் ஹீட்டர் எரிந்து எரிந்து அணைகிறதா? "போர்டு போயிடுச்சு" என்று சொன்னவுடன் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள்

நாங்கள் குன்னூர். அம்மாவுக்கு 71 வயது, ஆஸ்துமா. வெளியூர் போனால் லாட்ஜ் ரூம் ஒத்துக்கொள்வதில்லை என்று ஒரு பழைய டிராவலர் வேனை வாங்கி, படுக்கை, அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து தம்பி கேரவனாக மாற்றினான். அமெரிக்காவில் இருந்து திரும்பிய ஒரு சொந்தக்காரர் கொடுத்த கேஸ் ஹீட்டரையும் அதில் பொருத்தினான். அங்கே ஃபர்னஸ் என்பார்கள். பேட்டரியில் ஃபேன் ஓடும், கேஸ் உள்ளே மூடிய அறையில் எரியும், புகை குழாய் வழியாக வெளியே போய்விடும், சூடான காற்று மட்டும் வேனுக்குள் வரும்.

போன டிசம்பர் கடைசியில் முத்தோரை பாலாடாவில் சித்தப்பா வீட்டு வாசலில் வேனை நிறுத்தித் தங்கினோம். கேரட் தோட்டத்துப் பள்ளம், விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். ராத்திரி மூன்று மணிக்கு ஹீட்டர் 'டப்' என்று பற்றியது, அரை நிமிடம் எரிந்தது, அணைந்தது. மறுபடி பற்றியது, அணைந்தது. மூன்றாவது தடவைக்குப் பிறகு வெறும் குளிர்ந்த காற்று, அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. தீ நிற்கவில்லை என்று தெரிந்தால், ஹீட்டரை இயக்குகிற எலக்ட்ரானிக் போர்டு மூன்று தடவை முயன்றுவிட்டு கேஸை மூடிக்கொள்ளும், அது பாதுகாப்புக்காக. எனக்கு அப்போது அதெல்லாம் தெரியாது.

ஊட்டியில் கேஸ் அடுப்பும் கீசரும் சர்வீஸ் செய்கிற ஒரு கடையில் கொண்டுபோய் விட்டேன். கவரைக்கூட முழுதாகக் கழற்றாமல், "அக்கா, போர்டு போயிடுச்சு. பாரின் சாமான், சென்னையில இருந்துதான் வரணும்" என்றான். போர்டுக்கு 14,500, கூலி 3,000. அம்மா குளிரில் இருமிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன், பேரம் பேசத் தோன்றவில்லை. பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தான்.

நான்கு நாள் கழித்து மத்தியானம் 12 மணிக்கு ஓட்டிக் காட்டினான், அருமையாக எரிந்தது. மறுநாள் விடியற்காலை பழைய கதைதான். மத்தியான வெயிலில் எரிவதும் விடியற்காலையில் அணைவதும் எவ்வளவு பெரிய துப்பு! அவனிடம் இதைச் சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வேனை மறுபடி வாங்கி வைத்துக்கொண்டு, "சென்சார் எல்லாம் தகராறு, டைரக்ட் பண்ணிட்டேன், இனிமே நிக்காது" என்று இன்னும் 4,500 வாங்கினான்.

அந்த 'டைரக்ட்' என்ற வார்த்தைக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அன்று சாயங்காலம் முழு சிலிண்டர் மாற்றியிருந்தோம். எட்டு மணிக்குப் போட்ட ஹீட்டர் நிற்காமல் எரிந்தது. பத்து மணி வாக்கில் அம்மா தலை வலிக்கிறது என்றார், பையன் வயிற்றைப் புரட்டுகிறது என்றான். மலை ஏறி வந்த அசதி என்று நினைத்து விட்டுவிட்டேன். சிறிது நேரத்தில் தம்பி வாங்கி மாட்டியிருந்த கார்பன் மோனாக்சைடு அலாரம் அலற ஆரம்பித்தது. கதவைத் திறந்து, ஹீட்டரை அணைத்து, சிலிண்டரை மூடி, அம்மாவைத் தூக்காத குறையாகச் சித்தப்பா வீட்டுக்குள் கொண்டுபோனோம். ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். கேஸ் கசிந்தால் நாற்றம் காட்டிக்கொடுக்கும், ஏனென்றால் அதில் வாசனைப் பொருள் கலந்திருக்கிறார்கள். அரைகுறையாக எரிந்து வருகிற இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அந்த அலாரம் இல்லாவிட்டால் நாங்கள் தூங்கியிருப்போம்.

அருவங்காடு தொழிற்சாலையில் இன்ஸ்ட்ரூமென்ட் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், அப்பாவுக்குப் பழக்கம், மறுநாள் வந்து பார்த்தார். முதலில் வெளியே போய் புகைக்குழாய் வாயில் டார்ச் அடித்தார். உள்ளே குளவி மண்கூடு, பாதி வழியை அடைத்துக்கொண்டு. கோடையில் வேன் மேட்டுப்பாளையத்தில் சும்மா நின்றபோது கட்டியிருக்க வேண்டும். அப்புறம் கவரைக் கழற்றினார். ஃபேன் ஓடுகிறதா என்று பார்க்கிற காற்றுச் சுவிட்ச், சூடு எல்லை மீறினால் நிறுத்துகிற சுவிட்ச், இரண்டையும் கடைக்காரன் ஒரு துண்டு வயரால் நேராக இணைத்து வேலை செய்யவிடாமல் ஆக்கியிருந்தான், 'டைரக்ட்' என்றது இதைத்தான். இரண்டும் நன்றாக இருந்தவை, கோளாறுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. வயர் போட்டுவிட்டதால் ஃபேன் நின்றாலும் தீ எரியும், இரும்பு பழுத்தாலும் எரியும். அதற்கு மேல், ஹீட்டரைக் கழற்றி மாட்டியபோது புகைக்குழாயைச் சரியாகச் செருகவில்லை. குளவிக்கூட்டால் வெளியே போக முடியாத புகை அந்த இடுக்கு வழியாக வேனுக்குள் வந்திருக்கிறது.

போர்டு? தம்பி மாட்டும்போது வயர் வரிசை மறக்காமல் இருக்க போர்டு ஓரத்தில் பச்சை மார்க்கரில் கோடு போட்டிருந்தான், போட்டோவும் வைத்திருந்தான். அதே பச்சைக் கோடு, அதே இடம். மாற்றவே இல்லை.

கூட்டை எடுத்து, குழாயைச் சரியாகச் செருகி, வயரைப் பிடுங்கி, தீயை உணர்கிற கம்பியில் படிந்த கரியையும் துடைத்தார். ஆனால் விடியற்காலைக் கணக்கு மிச்சம் இருக்கிறது என்று, மறுநாள் ஆறு மணிக்கு, கிட்டத்தட்டத் தீர்ந்துபோன பழைய சிலிண்டரை மாட்டச் சொன்னார். தண்ணீர் ஊற்றிய ஒரு டியூபை கேஸ் லைனில் செருகி ஹீட்டரைப் போட்டார். லேபிளில் 11 அங்குலத் தண்ணீர் உயர அழுத்தம் என்று இருக்கிறது, அதாவது 28 சென்டிமீட்டர். அது 15 சென்டிமீட்டருக்கு இறங்கிவிட்டது. நம் ஊர் சிலிண்டரில் பியூட்டேனும் புரொப்பேனும் கலந்திருக்கும். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகிவிடும், பியூட்டேன் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தாலே மந்தமாகிவிடும். அமெரிக்க ஹீட்டர் புரொப்பேனை நம்பிச் செய்தது. எங்களுடையது 5 கிலோ சிலிண்டர், ஹீட்டரோ மணிக்கு அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் குடிக்கும், இழுக்க இழுக்க சிலிண்டர் இன்னும் குளிரும். காலி ஆக ஆக அழுத்தம் விழுந்து தீ அணைகிறது, அவ்வளவுதான். இப்போது இரண்டு சிலிண்டரை இணைத்து, வேனுக்கு வெளியே பூட்டுகிற காற்றோட்டமான பெட்டியில் வைத்திருக்கிறோம். பேட்டரி வோல்ட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஃபேன் மெதுவாகச் சுற்றினால் காற்றுச் சுவிட்ச் சேராது, தீயே பற்றாது.

பெரியவர் வாங்கிக்கொண்டது ஒரு காபி மட்டும்.

கடைக்குப் போய் பச்சைக் கோட்டைக் காட்டினேன். "அது ரிட்டர்ன் வந்த போர்டு அக்கா" என்றான். 22,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன், இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். துண்டுச் சீட்டு, ஆஸ்பத்திரி ரசீது, போட்டோக்கள், பிடுங்கிய அந்த வயர் எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வைத்திருக்கிறேன். ஊட்டியில் உங்கள் ஹீட்டரையோ கீசரையோ யாராவது 'டைரக்ட்' பண்ணிக் கொடுத்திருந்தால் இன்றைக்கு ராத்திரி அதைப் போடாதீர்கள், முதலில் கவரைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.