டைரக்ட், இன்டைரக்ட் ஸ்பீச் ஆப்: பாதி செம, பாதி கடுப்பு

ரெண்டு வாரமா இந்த கிராமர் ஆப்ப யூஸ் பண்றேன், டைரக்ட் ஸ்பீச்ச (ஒருத்தர் சொன்னத அப்படியே சொல்றது) இன்டைரக்ட்டா (அதயே நம்ம வார்த்தையில சொல்றது) மாத்துற பகுதிக்காகவே இறக்குனது. தமிழ்ல "வரேன்"னு சொன்னான், ஒரு "னு" போட்டா வேலை முடிஞ்சுது, இங்கிலீஷ்ல டென்ஸ், ஆளு, நேரம்னு எல்லாத்தையும் நகத்தணும், அதுலதான் எப்பவும் விழுவேன்.

கேள்வி வாக்கியத்துக்கு இது சூப்பர். "வேர் ஆர் யூ கோயிங்?"னு அவ கேட்டத நான் "ஷீ ஆஸ்க்டு மீ வேர் வாஸ் ஐ கோயிங்"னு டைப் பண்ணேன், உடனே "வாஸ்"ஸ மட்டும் செவப்பாக்கி "ஐ வாஸ் கோயிங்"னு இடம் மாத்தி காட்டுச்சு, கேள்விக்குறியும் போயிடும்னுச்சு. இத்தன வருஷமா தப்பாவே பேசிட்டு இருந்திருக்கேன்! எஸ் நோ கேள்விக்கு "இஃப்", "வெதர்" ரெண்டையும் ஏத்துக்குது.

கடுப்பு எங்கன்னா, "டுமாரோ" வந்தாலே "தி நெக்ஸ்ட் டே"ன்னு மாத்தியே ஆகணுமாம். இன்னிக்கு சொன்னத இன்னிக்கே இன்னொருத்தர்கிட்ட சொல்றப்போ "டுமாரோ" அப்படியே இருக்கலாமே, அதுக்கு மார்க் கட். பூமி சூரியன சுத்துதுங்கிற வாக்கியத்துல "மூவ்ஸ்" போட்டாலும் தப்புங்குது, பொது உண்மைக்கு டென்ஸ் மாத்த வேணாம்னு அதோட பாடத்துலயே இருக்கு சாமி!

மூணு ஸ்டார்.