8 மாதம் தடவிய க்ளோபெட்டசால் க்ரீம்: மகனின் தோலில் நான் பார்த்தது

முதல் வாரத்தில் கேட்டிருந்தால் இதைவிட நல்ல மருந்து கிடையாது என்று சொல்லியிருப்பேன். என் கையில் வந்த எக்ஸிமாவுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டு க்ரீம் அது, க்ளோபெட்டசால் 0.05 சதவீதம். மகனுக்கு அப்போது 9 வயது. தொடை இடுக்கில் வட்டமாக ஒரு தடிப்பு, ராத்திரியெல்லாம் சொறிந்துகொண்டே கிடந்தான், சரி வீட்டில்தான் இருக்கிறதே என்று அதையே தடவிவிட்டேன். 3 நாளில் அரிப்பும் சிவப்பும் அடங்கிவிட்டன.

நிறுத்தினால் ஒரே வாரத்தில் திரும்ப வரும், முன்பைவிட அகலமாக. மறுபடி தடவுவேன், மறுபடி அடங்கும். இப்படியே 8 மாதம் போனது. கடைசியில் அங்கே தோல் காகிதம் மாதிரி மெலிந்து, உள்ளே இருக்கும் ரத்தக் குழாய்கள் தெரிந்தன, தொடையில் சிவப்பாக வரிவரியாகக் கோடுகள் விழுந்தன. அதைப் பார்த்த பிறகுதான் தோல் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

அவர் தோலைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். படர்தாமரை, அதாவது பூஞ்சை. ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்லாது, அதை எதிர்த்து உடம்பு காட்டும் சிவப்பையும் அரிப்பையும் மட்டும் அமுக்கிவிடும், அந்த மறைவில் பூஞ்சை நிம்மதியாகப் பரவும். நான் குணம் என்று நினைத்தது இதைத்தான். க்ளோபெட்டசால் ஸ்டீராய்டு க்ரீம்களிலேயே மிகவும் வீரியமான வகை, பெரியவர்களுக்கே தொடர்ந்து 2 வாரத்துக்கு மேல் கூடாது, 12 வயதுக்குக் கீழே பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. குழந்தைகளுக்கு எடையோடு ஒப்பிட்டால் தோல் பரப்பு அதிகம், அதனால் மருந்து ரத்தத்தில் கலப்பதும் அதிகம். இடுக்கு என்றால் இன்னும் மோசம், தோல் மேல் தோல் படிந்து மூடி வைத்தது போல உள்ளே இழுத்துக்கொள்ளும். (டயப்பர் போடும் இடத்திலும் இதே கதைதான், கைக்குழந்தை இருப்பவர்கள் தயவுசெய்து கவனியுங்கள்.) ரொம்ப நாள் போனால் உடம்பு சொந்தமாக கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரப்பதையே குறைத்துவிடும், பிள்ளையின் வளர்ச்சியே தடைபடலாம் என்றார். காலையில் ரத்தம் எடுத்து கார்ட்டிசால் பார்த்தோம், ரிசல்ட் வரும்வரை எனக்குத் தூக்கமில்லை. நல்லவேளை, சரியாக இருந்தது.

அப்புறம் ஸ்டீராய்டை விட்டுவிட்டு பூஞ்சை மருந்து மட்டும். முதல் 2 வாரம் அரிப்பு முன்பைவிடக் கொடுமை, அழுதுகொண்டே பழைய க்ரீமைக் கேட்டான், கொடுக்கவில்லை. படிப்படியாகக் குறைந்தது.

இப்போது 2 வருடம் ஆகிறது. படர்தாமரை திரும்ப வரவில்லை. தொடையில் விழுந்த கோடுகள் சிவப்பு போய் வெளுத்திருக்கின்றன, ஆனால் அவை மறையாது என்று டாக்டர் அன்றைக்கே சொல்லிவிட்டார்.